பெட்டியம்மாவுக்கு ஒரு பேரு இருந்துச்சு

சன்னல் பக்கம் விட்டதுக்கு நல்லாயிருப்ப தாயி. எனக்கு பஸ்ஸுல ஏறுனா தலை கிறங்கும். அடிக்கடி ஏறி எறங்குனாத்தான பழகும்? நான் எங்க ஏறுதேன். கண்ணு பாக்க அம்பாசமுத்திரம் போனது. அதுக்கு முன்னால எம் மவனைப் பெரியாஸ்பத்திரியில போட்டிருந்தப்போ பாளையங்கோட்டைக்கு வந்தது, அவனுக்குப் பொண்ணு பாக்க முக்கூடல் பக்கம் போனது. அவ்வளவுதான் நான் பாத்த ஊரு.

இல்ல, வேண்டாம், இந்தப் பை மடியிலேயே இருக்கட்டும். மேல வைக்க வேண்டாம். கீழ வைக்கவே கூடாது, கால் பட்டுரும்.

நான் தூத்துக்குடிக்கு. நீ? வாகைக்குளமா? அப்பம் எனக்கு முன்னால எறங்கிருவியா? இல்லையா, இன்னைக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாறியா, சரி சரி. அங்க என் மருமவ இருக்கா. மருமவன்னா... என்னத்தச் சொல்ல. எம் மவன் பொண்டாட்டி. எம் மவன் இப்பம் இல்ல. அவ இப்பம் வேற ஒருத்தன் பொண்டாட்டி. அப்பம் எனக்கு அவ என்ன முறை வேணும்? படிச்ச பிள்ள மாதிரி தெரியுத, நீயே சொல்லு. எனக்குத் தெரியல. வாயில மருமவன்னுதான் வருது.

விருந்தாடப் போகல தாயி. சண்டை போடத்தான் போறேன். அவளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு, பொம்பளப் பிள்ள. அதுக்கு ஒரு பேரு வைக்கப் போறாளாம். அந்தப் பேரை வைக்கக்கூடாது. இன்னைக்குத் தொட்டில் போடுதாங்க. பேரைக் காதுல சொல்லுறதுக்கு முன்னால நான் போய் நிக்கணும். இந்த டிரைவர் என்னன்னா உருட்டிக்கிட்டே வாறான்.

எல்லாத்துக்கும் அந்தக் கூட்டம்தான் காரணம். என்ன கூட்டம்னு கேக்கியா? சொல்லுதேன். சொல்லாம எனக்கும் நெஞ்சு அடைக்கு. ஆனா மொதல்ல எங்க வீட்டு சாமியைப் பத்திச் சொன்னாத்தான் உனக்கு விளங்கும்.

எங்க வீட்டுல ஒரு சாமி உண்டு. கோயில் கிடையாது, சிலை கிடையாது. அரங்குல, உள்ளறையில, ஒரு ஓலைப்பெட்டி. பெட்டிக்குள்ள ஒரு வெள்ளைச் சேலை. அவ்வளவுதான். பெட்டியம்மான்னு சொல்லுவோம். அந்தக் காலத்துல எங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவ. புருஷன் செத்த அன்னைக்கே, பாடை வாசலைத் தாண்டுறதுக்கு முன்னாலயே, பின்வாசல் வழியா ஓடிப்போயி கெணத்துல விழுந்துட்டா. பத்தினி. எனக்கு என் மாமியா சொன்னது. மாமியாளுக்கு அவ மாமியா சொன்னது.

வருஷாவருஷம் ஆடி மாசம் கடைசி வெள்ளிக்கு அவளுக்குப் படைப்பு. மத்த வீட்டுப் படைப்பு மாதிரி இருக்காது பாத்துக்க. தெருவுல உள்ள சின்னப் பொம்பளப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து, பெட்டிக்கு முன்னால வரிசையா சம்மணம் போட்டு உக்கார வைக்கணும். ஆளுக்கொரு பனையோலை நறுக்கு மடியில குடுக்கணும். பெட்டிக்குப் பக்கத்துல ஒரு எழுத்தாணி, பழசு, துருப்பிடிச்சது, அதை எடுத்து வைக்கணும். அந்தப் பிள்ளைக சாப்பிட்டு எந்திரிச்ச பெறகுதான் மத்தவங்க சாப்பிடணும். எதுக்கு ஓலைன்னு நான் புதுப்பொண்ணா வந்தப்போ கேட்டேன். அம்மா தலையெழுத்தை எழுதுவாட்டின்னு சொன்னா மாமியா. சரின்னுட்டேன்.

ஆம்பளைக உள்ள வரப்பிடாது. நடையில நின்னு, பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, தெருவைப் பாத்துத்தான் கும்பிடணும். பத்தினி முகத்தை ஆம்பளை பாக்கப்பிடாதுல்லா, அதனால. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கு. இதை ஞாபகத்துல வச்சுக்க தாயி, இதைத்தான் பின்னால கூட்டத்துல இழுத்தாவ.

படைப்பு முடிஞ்சா பழைய சேலையை எடுத்துட்டுப் புதுச்சேலை வைப்போம். எடுத்த சேலையை மடிச்சுப் பத்திரமா வச்சிருந்து, வீட்டுல பிள்ளை பிறந்தா அதுலதான் தொட்டில் கட்டுவோம். சுயம்பு அதுலதான் கெடந்தான். எம் மவன் பேரு சுயம்பு. அவன் கல்யாண வருஷம் எடுத்த சேலையை நான் தொட்டிலுக்குன்னே தனியா வச்சேன். பூச்சி அரிக்காம நொச்சி இலை போட்டு, மழை முடிஞ்சதும் வெயில்ல உலத்தி... அது கெடந்தது, கெடந்தது, கெடந்துக்கிட்டே இருந்தது.

வீட்டுல மூத்த பொம்பளை மேல அம்மா வருவா. வந்து வாக்கு சொல்லுவா. மொதல்ல மாமியா மேல. அவ போன பெறகு என் மேல. நான் பொய் சொல்லல தாயி. ஊருல சாமியாடுறவங்கள்ல பாதிப்பேரு சும்மா ஆடுறான்னு எனக்கும் தெரியும். நான் அப்படி இல்ல. உடுக்குச் சத்தம் கேட்டா உள்ளங்கால்லேருந்து சூடா ஏறும். அப்பம் என் வாயில வாரது என் பேச்சு இல்ல. பெறகு மத்தவங்க சொல்லித்தான் நான் என்ன சொன்னேன்னு எனக்கே தெரியும்.

எங்க வீட்டுல அவிய, சுயம்பு அப்பா, தவறும்போது எனக்கு என்ன வயசு இருக்கும்னு நெனக்க? உன் வயசுதான். உன்னைவிட ஒண்ணு ரெண்டு கம்மியாக்கூட இருக்கும். சுயம்பு அப்பம் தவழுறான். எங்க அண்ணன் வந்து, "வாம்மா, வீட்டுக்குப் போவோம், உனக்கு ஒரு வழி பண்ணுதேன்"ன்னு கூப்பிட்டான். அந்த ஆடியில மாமியா மேல அம்மா வந்தா. என் தலையில கையை வச்சு, "வாசலைத் தாண்டாத. என்னைப் போல இரு"ன்னு சொன்னா. நான் தாண்டல. அண்ணன் நடையில நின்னு அழுதுட்டுப் போனான். நான் இருந்தேனா இல்லையா? என்ன கொறைஞ்சு போச்சு எனக்கு? ராத்திரி மட்டும் கொஞ்ச நாள் கஷ்டமா இருக்கும், பெறகு அதுவும் பழகிரும்.

சுயம்புக்குச் சந்தனமாரியைக் கட்டி வச்சேன். சந்தனம்னு கூப்பிடுவோம். முக்கூடல் பக்கம். பொண்ணு பாக்கப் போனப்போ காபியைக் கொண்டு வந்து வச்சிட்டு, "சீனி போதுமா யத்தே"ன்னு கேட்டா. இன்னும் ஒண்ணும் பேசி முடிக்கல, அதுக்குள்ள அத்தையாம். எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அந்த எடத்துலயே வெத்தலை மாத்திட்டேன்.

ரெண்டு பேரும் சந்தோசமாத்தான் இருந்தாங்க. வயல் மோட்டார் ரூமுல கரண்டு அடிச்சு அவன் போயிட்டான். மழை பெஞ்ச நேரம். சுவிச்சைத் தொட்டிருக்கான். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், ஒண்ணும் நடக்கல. அதைப் பேச வேண்டாம் தாயி. இந்த ரோட்டுல வரும்போதே அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் பாக்கக்கூடாதுன்னு கண்ணை மூடிக்கிட்டு வந்தேன்.

அந்த வருஷம் ஆடிக்கு முன்னால சந்தனத்தோட அண்ணன் வந்தான். தூத்துக்குடியில உப்பளத்துல மேஸ்திரி வேலை பாக்குற ஒருத்தன், பொண்டாட்டி இல்லாதவன், நல்ல பையனாம், கேக்கானாம். நான் ஒண்ணும் சொல்லல. அம்மாகிட்ட கேப்போம்னு மட்டும் சொன்னேன். அது தப்பா? ஆடி வெள்ளிக்கு அம்மா வந்தா. நான் என்ன சொன்னேன்னு பெறகு பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. சந்தனம் தலையில கையை வச்சு, "வாசலைத் தாண்டாத. என்னைப் போல இரு"ன்னு சொன்னேனாம். அதே வாக்கு. எனக்கு வந்த அதே வாக்கு. அவ திருநீறு பூசிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அண்ணனும் போயிட்டான்.

அந்தப் பிள்ள ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. எனக்கு முன்னால எந்திரிச்சு வாசல் தெளிக்கும். எனக்குக் கால் பிடிச்சு விடும். பொழுதடைஞ்சா ரெண்டு பேரும் டிவிக்கு முன்னால உக்காந்திருப்போம், பாக்க மாட்டோம். அப்படியே இருந்திருக்கும். கடைசி வரைக்கும் அப்படியே இருந்திருக்கும். நான் செத்தா எனக்கு வாய்க்கரிசி போட ஒருத்தி இருந்திருப்பா.

அங்கதான் அந்தக் கூட்டம் வந்து சேந்துச்சு.

எங்க ஊரு லைப்ரரியில வாசகர் வட்டம்னு நாலஞ்சு பேரு இருக்காங்க. ரிட்டையர் ஆனவங்க, பொழுது போகாதவங்க. ஊரு வரலாறு பேசுதோம்னு மாசம் ஒரு கூட்டம் போடுவாங்க. அதுல வடக்குத் தெரு ஞானசெல்வி டீச்சர்னு ஒருத்தி. நல்ல மனுஷிதான், சுயம்புக்கே பாடம் எடுத்தவதான். அவங்க எங்க வீட்டுக்கு வந்து, "உங்க வீட்டு முன்னோர் ஒரு அம்மாவைப் பத்திப் பேசப் போறேன். நூத்தைம்பது வருஷத்துக்கு முந்தி இந்த ஊருல பெண்களுக்காகப் போராடுனவங்க. நீங்க ரெண்டு பேரும் முன்வரிசையில வந்து உக்காரணும்"னு சொன்னாவ.

எனக்குப் பெருமை தாங்கல. எங்க பெட்டியம்மாவுக்கு லைப்ரரியில விழா எடுக்கான்னு நெனச்சேன். தெருவெல்லாம் சொன்னேன். ஒரு ரோசாப்பூ மாலை கட்டச் சொல்லி வாங்கிட்டுப் போனேன். போனா, அங்க படம் எதுவும் இல்ல. அந்தம்மாவுக்கு ஏது போட்டோ? மேசையில ஒரு மைக்கு, ஒரு தண்ணி பாட்டிலு. மாலையை எதுக்குப் போடன்னு தெரியாம மடியிலேயே வச்சுக்கிட்டு உக்காந்தேன். பிளாஸ்டிக் சேர்ல சந்தனம் எனக்குப் பக்கத்துல.

டீச்சர் எந்திரிச்சு மொதல் வார்த்தையே, "பூரணம் அம்மாள்"னாவ.

யாருடா அதுன்னு நான் முழிக்கேன். பெறகுதான் விளங்குது, எங்க அம்மாவோட பேரு அது. தாயி, அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுலேருந்து அவளைக் கும்பிடுதேன். அவ என் மேல வாரா. என் வாயால பேசுதா. அவளுக்கு ஒரு பேரு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல. நானும் கேக்கல. பெட்டிக்கு எங்கயாவது பேரு கேப்பாங்களா?

டீச்சர் சொல்லச் சொல்ல எனக்குக் காதுல ஈயத்தை ஊத்துன மாதிரி இருந்துச்சு. புருஷன் செத்த அன்னைக்கு அவ சாகலையாம். அதுக்குப் பெறகு ரொம்ப வருஷம் உயிரோட இருந்தாளாம். வெள்ளைச் சேலை கட்ட மாட்டேன்னு சொல்லிட்டாளாம். கலர்ச் சேலை கட்டிக்கிட்டுத் தெருவுல நடந்தாளாம். மொதல் சண்டையே அதுலதானாம். எங்க வீட்டு மாட்டுத் தொழுவத்தைக் கூட்டித் தெளிச்சு, தெருப் பொம்பளப் பிள்ளைகளை வரிசையா உக்கார வச்சு, மடியில ஓலையைக் குடுத்து, எழுத்தாணி பிடிக்கச் சொல்லிக் குடுத்தாளாம். டீச்சரோட முன்னோர்ல ஒருத்தி அங்க உக்காந்து எழுதப் படிச்சவளாம், அவங்க வீட்டுல தலைமுறை தலைமுறையா இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வச்சிருக்காங்களாம். பாத்தியா, எங்க வீட்டுல ஒண்ணும் இல்ல, அவங்க வீட்டுல எல்லாம் இருக்கு.

டீச்சர் அதோட விட்டாவளா? சின்ன வயசுல தாலியறுத்த பிள்ளைகளுக்கு மறுகல்யாணம் பண்ணி வைக்கணும்னு ஊர் ஊரா வண்டி கட்டிட்டுப் போயிப் பேசுவாளாம். புருஷன் சொத்துல பொண்டாட்டிக்கும் பங்கு வேணும்னு கலெக்டருக்கு மனு குடுத்தாளாம். எங்க வீட்டு ஆம்பளைக, புருஷனோட அண்ணன் தம்பிமாரு, வேண்டாம்னு சொல்லிப் பாத்தாங்களாம். ஒருநாள் காலையில வீட்டுக் கெணத்துல மெதந்தாளாம்.

அப்புறம் டீச்சர் பாட்டிலைத் திறந்து தண்ணி குடிச்சாவ. "விழுந்தாங்களா, தள்ளுனாங்களான்னு எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த வீட்டு ஆம்பளைங்க இன்னைக்கு வரைக்கும் அந்த அம்மாவுக்கு முதுகைக் காட்டித்தான் கும்பிடுறாங்க. ஏன்னு அவங்களுக்கே தெரியாது. என்னைக்கோ ஒருத்தனால அவங்க முகத்தைப் பாக்க முடியாமப் போயிருக்கு"ன்னாவ.

கூட்டத்துல எல்லாரும் என்னைத்தான் பாக்காங்க. நான் என்ன செய்ய? தள்ளுனது நானா? மடியில கெடந்த மாலையைப் பிச்சுப் பிச்சுப் போட்டிருக்கேன், எனக்கே தெரியல. காலுக்குக் கீழ எல்லாம் ரோசாப்பூ.

அப்பம் சந்தனம் எந்திரிச்சா. அதுவரைக்கும் நாலு பேரு முன்னால வாய் திறந்து பேசாத பிள்ள. சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "டீச்சர், அவங்க யாருகிட்டயாவது வாசலைத் தாண்டாதன்னு சொல்லியிருப்பாங்களா?"ன்னு கேட்டா.

டீச்சருக்கு ஒண்ணும் தெரியாது பாரு, எங்க வீட்டு வாக்கைப் பத்தி. அவங்க சிரிச்சுக்கிட்டு, "வாசலைத் தாண்டுங்கன்னு சொன்னதுக்குத்தானம்மா அவங்களைப் பிடிக்காமப் போச்சு"ன்னாவ.

சந்தனம் உக்காந்துட்டா. பெறகு சுண்டல் குடுத்தாங்க. நான் வாங்கல. அவ வாங்கித் தின்னா. ஒரு கடலை விடாமத் தின்னா.

வீட்டுக்கு வந்து நான் சண்டை போட்டேன். அந்த டீச்சர் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ, அவளுக்கு நம்ம சாமியைப் பத்தி என்ன தெரியும்னு கத்துனேன். சந்தனம் சொன்னா, "யத்தே, அம்மா என்னைப் போல இருன்னு சொன்னா. அவ எப்படி இருந்தான்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டுப் போயி தோசைக்கு ஊறப் போட்டா.

அன்னைக்கே கிளம்பியிருக்கலாம் அவ. கிளம்பல. "ஆடி வரட்டும் யத்தே. அம்மாகிட்டயே கேப்போம். அவ இருன்னா இருக்கேன், போன்னா போறேன்"ன்னா. இதுக்கு மேல ஒரு பிள்ள எப்படி இருக்கும் சொல்லு. அவ மேல எனக்குக் கோவம் இல்ல. கோவமெல்லாம் கூட்டத்து மேலதான்.

ஆடி கடைசி வெள்ளி. வழக்கமா வாறவங்களைவிடக் கூட்டம். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, என்ன நடக்கப் போவுதுன்னு பாக்க வந்துட்டாங்க. பிள்ளைகளை உக்கார வச்சாச்சு. ஓலை குடுத்தாச்சு. சந்தனமும் போயி பிள்ளைகளோட பிள்ளையா வரிசையில உக்காந்துட்டா, மடியில ஒரு ஓலையை வச்சுக்கிட்டு. நடையில தெருவைப் பாத்து நின்னு உடுக்கு அடிக்கான். நான் பெட்டிக்கு முன்னால நிக்கேன். நிக்கேன். நிக்கேன். கால் சில்லுன்னு இருக்கு. உடுக்கைக்காரன் வேர்த்து ஒழுகி, கையை மாத்தி மாத்தி அடிக்கான். ஒண்ணும் வரல தாயி. கல்லு மாதிரி நிக்கேன்.

பக்கத்து வீட்டுக்காரி காதுல வந்து, "ரெண்டு ஆட்டு ஆடிரு யக்கா, வாக்கைச் சொல்லிரு, வீட்டுப் பிள்ள வீட்டுல கெடக்கும்"னா. எனக்கு எப்படி இருந்திருக்கும். பொய்யா ஆட எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் அவ பேரைச் சொல்லி நான் ஆடுவனா?

உடுக்கு நின்னுது. சந்தனம் எந்திரிச்சு என் கிட்ட வந்தா. என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. "அம்மா வரலன்னா போட்டும் யத்தே. நீங்க சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க. நீங்க இருன்னா நான் இருந்துருதேன்"ன்னா.

எல்லாரும் பாக்காங்க. நடையில நின்ன ஆம்பளைககூடத் திரும்பிட்டாங்க.

எனக்கு ஒரு வார்த்தைதான சொல்லணும்? இருன்னு. எத்தனை பெரிய வார்த்தை அது? ரெண்டு எழுத்து. நெஞ்சு பூரா அந்த வார்த்தைதான் இருந்துச்சு. ஏட்டி, இரு, என்னை விட்டுட்டுப் போகாதட்டி, எனக்கு யாரு இருக்கா. எல்லாம் உள்ள இருக்கு, வாய் வரைக்கும் வருது, அங்க வந்து நிக்குது. அவ முகத்தைப் பாத்தா எங்கண்ணன் நடையில நின்னு அழுதது எதுக்கோ ஞாபகம் வருது. நான் வாயைத் திறக்கவே இல்ல. அந்த டீச்சர்தான் என் வாயைக் கட்டிட்டா. சாமி பேரை மைக்குல போட்டுச் சொன்னா சாமி நிக்குமா? அவளும் போயிட்டா, என் பேச்சும் போயிட்டு. வேற என்ன காரணம் இருக்கும்? நானும் ரெண்டு வருஷமா யோசிக்கேன். வேற ஒண்ணும் தெரியல.

சந்தனம் பெறகு என் கண்ணைத் தொடச்சு விட்டா. "சரி யத்தே"ன்னா. மறுநாள் காலையில கால்ல விழுந்து கும்பிட்டுட்டு, பையை எடுத்துக்கிட்டு, வாசலைத் தாண்டிப் போயிட்டா. நான் அரங்குல பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்திருந்தேன். வெளிய வரல.

அதுக்குப் பெறகு அம்மா என் மேல வரவே இல்ல.

அந்த உப்பளத்துக்காரனைத்தான் கட்டியிருக்கா. கோயில்ல வச்சுச் சின்னதா. எனக்குச் சொல்லி விட்டா, நான் போகல. மாசம் தவறாம போன் போடுவா. நான் எடுப்பேன். பேச மாட்டேன். எடுத்துக் காதுல வச்சுக்கிடுவேன், அவளே பேசிட்டு வைப்பா. மாத்திரை போட்டீங்களா யத்தே, மழை பெஞ்சுதா யத்தே, செவலைப் பசு ஈன்னுட்டா யத்தே. நான் மூச்சு விடுறது அவளுக்குக் கேக்கும்போல. அது போதும்னு வச்சிருவா. ஒரு மாசம், ரெண்டு நாள் தள்ளி போன் போட்டா, அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. ஏன்னு கேக்காத.

போன வாரம் போட்டா. "யத்தே, பொம்பளப் பிள்ள. நல்லா இருக்கோம். ஞாயித்துக்கிழமை தொட்டில் போடுதோம். பூரணம்னு பேரு வைக்கலாம்னு இருக்கேன்"ன்னா. சொல்லிட்டு வைக்காம இருந்தா. ரொம்ப நேரம் வைக்காம இருந்தா. பின்னால பிள்ளை அழுற சத்தம் கேட்டுச்சு. கிறீச்சுன்னு நல்ல தொண்டை.

நீயே சொல்லு தாயி, சாமி பேரைப் பிள்ளைக்கு வைக்கலாமா? அதுவும் அந்தப் பேரை? நூத்தைம்பது வருஷமா எங்க வீட்டுல யாரும் வாயால சொல்லாத பேரு. அந்தப் பேரோட ஒரு பிள்ள தெருவுல நடந்தா அதுக்கு என்னென்ன வருமோ. மத்த சாமி பேரெல்லாம் வைக்கான், உண்மைதான். ஆனா அது வேற. இவளை எங்க வீட்டுல... சரி, என்னமோ பண்ணியிருக்காங்க. நல்லது பண்ணல. அந்தப் பேரு பிள்ளைக்கு வேண்டாம். இதைச் சொல்லத்தான் போறேன். சொல்லிட்டு மத்தியான வண்டியில திரும்பிருவேன். ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்.

இதுவா? பைக்குள்ள என்னன்னு பாக்கியா? அந்தச் சேலைதான் தாயி. சுயம்பு கல்யாண வருஷம் எடுத்து வச்ச பெட்டிச் சேலை. சும்மா கெடந்து மக்கிப் போறதுக்கு எங்கயாவது உதவட்டும்னு எடுத்துட்டு வந்தேன். வேற ஒண்ணும் இல்ல. அது எங்க வீட்டுப் பிள்ளை இல்லன்னு எனக்குத் தெரியும். எனக்கும் அதுக்கும் ஒரு சொந்தமும் கிடையாது. தெரியும். ஆனா உப்பளத்துப் பக்கம் காத்துல உப்பு அடிக்கும்னு சொல்லுதாங்க, பிள்ளைக்குத் தோல் அரிக்கும். கடைத் துணியெல்லாம் மொரமொரன்னு இருக்கும். இது பழசு, மெத்துன்னு இருக்கும். தொட்டுப் பாரு. நல்லாத் தொட்டுப் பாரு.

மஞ்சளா இருக்கேன்னு பாக்காத, வெள்ளைச் சேலைதான். மஞ்சத்தண்ணியில முக்கி எடுத்தேன். ஒரு ஓரத்துல கறை மாதிரி இருந்துச்சு, அதான். வெள்ளையாத் தொட்டில் கட்டுனா அந்தப் பையன் வீட்டு ஆளுங்க என்ன நெனப்பாங்க. ரெண்டு தரம் முக்குனேன், நெறம் நல்லாப் பிடிச்சிருக்கு. டீச்சர் சொன்னதுக்காக இல்ல. அந்தக் கூட்டத்துல சொன்ன ஒரு வார்த்தையை நான் நம்பல.

அங்க என்ன தாயி, வெள்ளை வெள்ளையாக் குவிச்சு வச்சிருக்கு? உப்பா? எம்மா, எவ்வளவு உப்பு. அப்பம் ஊரு வந்துட்டா? கடலு எங்க இருக்கு? இங்கயிருந்து தெரியாதா? பரவாயில்ல, நான் என்ன கடலு பாக்கவா வந்தேன்.

கைய ஏன் பிடிக்க? இன்னும் எறங்க நேரம் இருக்கா? சரி, உக்காந்துக்கிடுதேன்.

ஒண்ணுதான் எனக்குச் சங்கடம். போன உடனே பேரை மாத்துன்னு சொல்லணும்லா. எந்தப் பேரைன்னு சொல்லணும்லா. அந்தப் பேரை நான் இதுவரைக்கும் வாயால சொன்னதே இல்ல. இப்பக்கூட உன்கிட்ட அவ சொன்னா, டீச்சர் சொன்னான்னு அடுத்தவங்க வாயில வச்சுத்தான் சொல்லியிருக்கேன். தொட்டிலுக்கு முன்னால போய் நின்னு வாய் வராம நின்னா என்ன செய்ய? அன்னைக்கு மாதிரி? திரும்பவும் அந்தப் பிள்ள என் கண்ணைத் தொடச்சு விட்டு, சரி யத்தேன்னு சொன்னா, நான் என்ன செய்ய?

இரு, சொல்லிப் பாக்கேன். நீ கேளு, சரியா வருதான்னு.

பூ... பூரணம்.

பூரணம். ஏட்டி பூரணம். அழாதட்டி. எதுக்கு அழுத? ஆத்தா வந்துட்டேன்ல.

எந்திரி தாயி, வழி விடு. நான் எறங்கணும்.